வீட்டருகே கூடு கட்டிய செம்பருந்துக்கு இரை வைக்கலாமா?

கேள்வி (வெள்ளவத்தை):
எங்கள் தொடர்மாடிக்குப் பின்னாலுள்ள உயரமான தென்னையில் செம்பருந்து இணையொன்று கூடு கட்டி, இரண்டு குஞ்சுகளை வளர்த்து வருகிறது. அம்மா அதைக் கருடன் என்று கும்பிட்டு, மொட்டைமாடிச் சுவரில் தினமும் இறைச்சித் துண்டுகளை வைக்கிறார். அவருடைய அன்பு புரிந்தாலும், பறவைகளுக்கு இது தீங்காகுமோ என்று கவலைப்படுகிறேன்.

பதில் (தெஹிவளை):
தங்கச்சி, வைக்காமலிருப்பதே நல்லது. மீன், நண்டு, கரையொதுங்கிய கழிவு என்று செம்பருந்து கடலோரத்தில் தானே இரை தேடிக்கொள்ளும். எலும்பு நீக்கிய வெறும் இறைச்சியையே தின்று வளரும் குஞ்சுகளுக்குக் கல்சியம் போதாமல் எலும்புகள் வளைந்துவிடும்; அப்படி வளர்ந்த பறவையால் ஒழுங்காகப் பறக்க முடியாது. இறைச்சியைக் கண்டு கூடும் காகங்கள் கூட்டையும் விட்டுவைப்பதில்லை.

பதில் (கொட்டாஞ்சேனை):
முன்னவர் சொன்னது சரி. பார்ப்பதென்றால் யன்னலுக்கு உள்ளே நின்று தொலைநோக்கியால் பாருங்கள். தாய்ப்பறவை கத்திக்கொண்டு வட்டமிட்டாலோ, கூட்டுக்குத் திரும்பத் தயங்கினாலோ, நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். குஞ்சுகள் பொரித்து ஏறக்குறைய 7, 8 வாரங்களில் பறக்கத் தொடங்கும். அதற்குள் ஒன்று கீழே விழுந்தால், வீட்டில் வைத்து வளர்க்காமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நாளை முதல் யன்னலிலிருந்தே கும்பிடுவதாகச் சொன்னார்.