கார்ன் ஸ்னேக் குட்டிக்கு ஒளிய எதை வைக்கலாம்? கடையில் வாங்கிய குகையைச் சீண்டவே மாட்டேன் என்கிறது

குமரன்_லெஸ்டர்
எல்லோருக்கும் வணக்கம். மகள் ரொம்ப நாளாகக் கேட்டாள் என்று ஒரு கார்ன் ஸ்னேக் குட்டி வாங்கியிருக்கிறோம், இன்னும் பென்சில் பருமன்தான். கடையில் ரெசினில் செய்த மண்டை ஓட்டுக் குகை ஒன்றையும் தலையில் கட்டிவிட்டார்கள், கண், மூக்கு, வாய் எல்லாம் ஓட்டை. ஹீட் மேட் (தொட்டிக்குச் சூடு கொடுக்கிற விரிப்பு) இல்லாத பக்கம் வைத்திருக்கிறோம். பாம்பு அந்தப் பக்கமே போவதில்லை, தண்ணீர்க் கிண்ணத்துக்கும் தொட்டியின் கண்ணாடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் நாள் முழுக்கச் சொருகிக்கொண்டு கிடக்கிறது, கொடுத்த எலிக்குஞ்சையும் தொடவில்லை. இன்னொரு குகை வாங்கவா, இல்லை வீட்டில் இருக்கிற கொட்டாங்குச்சி, பூந்தொட்டி, தோட்டத்துக் கல் இதெல்லாம் போதுமா? எது ஆபத்து என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

புற்றுமண்
உங்கள் பாம்பே பதிலைச் சொல்லிவிட்டது சகோ. அதற்கு வேண்டியது அந்த இடுக்குதான். நாம் பெரிய வீடு கொடுத்தால் சந்தோஷப்படும் என்று நினைக்கிறோம், பாம்புக்கு அப்படி இல்லை, சுருண்டு படுத்தால் முதுகும் இரண்டு பக்கமும் சுவரில் உரச வேண்டும், அப்போதுதான் யாரும் பிடிக்க மாட்டார்கள் என்று அதற்கு நம்பிக்கை வரும். நாலு பக்கமும் திறந்த மண்டை ஓடு அதற்கு நடுத்தெரு மாதிரி. பயந்துகொண்டிருக்கிற பாம்பு சாப்பிடாது, குட்டிகள் இன்னும் மோசம்.

அடுத்தது, ஒன்று போதாது. சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வர வேண்டும், தின்றது செரிக்கவே சூடு தேவை. மறைவு குளிர்ந்த பக்கம் மட்டும் இருந்தால் சூட்டை விட்டுவிட்டு அங்கேயே கிடக்கும், அப்புறம் தின்றதைக் கக்கும். இரண்டும் ஒரே அளவு, ஒரே மாதிரி இருந்தால் ரொம்ப நல்லது, அப்போது அது எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்துச் சூடு கூடவா குறைவா என்று நமக்கே புரியும்.

ஓட்டை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஒன்று, எலி தின்று வயிறு உப்பிய பாம்பு தாராளமாக நுழைகிற அளவு இருக்க வேண்டும், இல்லை தலையே நுழையாத அளவு சின்னதாக இருக்க வேண்டும். நடுவில் இருக்கிற அளவுதான் ஆளைக் கொல்லும், பாதி உடம்பு போய் மாட்டிக்கொண்டால் முன்னேயும் போகாது, செதில் இடித்துப் பின்னேயும் வராது. பூந்தொட்டியின் அடி ஓட்டை பெரும்பாலும் இந்த நடு அளவுதான். குட்டி வளர்ந்து 120 முதல் 150 சென்டிமீட்டர் வரை போகும் என்பதால் இன்று சரியாக இருக்கிற ஓட்டை ஆறு மாதத்தில் பொறியாகிவிடும். மண்டை ஓட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுபா
கொட்டாங்குச்சி குட்டிக்கு அருமையான வீடு. நாரைச் சுரண்டி, வெட்டின விளிம்பை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்தால் முடிந்தது. பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் டீத்தூள் அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வையுங்கள், அழுக்கானால் தூக்கிப் போடலாம். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கிற செலோடேப்பை ஒரு துண்டு விடாமல் உரித்துவிடுங்கள். தொட்டிக்குள் டேப் கூடவே கூடாது, செதிலில் ஒட்டினால் இழுக்க இழுக்கத் தோலோடு வரும், அப்படி ஒட்டிவிட்டால் சமையல் எண்ணெய் தடவி மெதுவாக எடுக்க வேண்டும்.

சட்டை உரிக்கிற நேரத்துக்கு மூன்றாவதாக ஈரமான மறைவு ஒன்று வேண்டும். ஐஸ்கிரீம் டப்பா மூடியில் வாசல் வெட்டி, விளிம்பை வழவழப்பாக்கி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கிற ஸ்பேக்னம் பாசியை நனைத்துப் பிழிந்து போடுங்கள். கண் பால் பூத்தமாதிரி ஆனதும் வைத்தால் போதும். எப்போதும் ஈரமாகவே விட்டால் பூஞ்சை பிடிக்கும், வயிற்றுச் செதிலில் புண்ணும் வரும்.

புற்றுமண்
அட்டைப்பெட்டி எனக்கு அவ்வளவு உடன்பாடு இல்லை. ஈரம் இழுத்துத் தொய்கிறது, உண்ணிப்பேன் வந்தால் மடிப்புக்குள் புகுந்துகொள்ளும். ஒரு வாரம் பத்து நாள் சமாளிக்கச் சரி. மரத்தில் செய்தது வாங்கினால் சீடர் வேண்டவே வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் பாம்புக்கு ஆகாது.

மதுரைத்தம்பி
எங்கள் தோட்டத்துக்கு ஒரு சாரை வருகிறது, இதேமாதிரி தொட்டியில் வைத்து வளர்க்கலாமா?

சுபா
கூடாது தம்பி. நம் ஊர்க் காட்டுப் பாம்புகளைப் பிடித்து வைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், சாரையானாலும் மண்ணுளியானாலும். எலி தின்ன அது தானாக வருகிறது, வந்து போகட்டும்.

குமரன்_லெஸ்டர்
ரொம்ப நன்றி. இரண்டு கொட்டாங்குச்சி தயார் செய்து இரண்டு ஓரத்திலும் வைத்தாயிற்று, இன்று காலை சூடான பக்கத்தில் வால் மட்டும் தெரிந்தது. இன்னும் இரண்டு சந்தேகம். ஹீட் மேட் மேலேயே மறைவு இருந்தால் உள்ளே சூடு அதிகமாகாதா? மகள் தோட்டத்துத் தட்டைக் கல் நாலை அடுக்கிக் குகை கட்ட வேண்டும் என்கிறாள், அது பரவாயில்லையா?

புற்றுமண்
ஆகும், அதனால்தான் சூட்டைக் கட்டுப்படுத்துகிற தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் போடவே கூடாது. கண்ணாடியில் ஒட்டிய மீட்டரை நம்பாதீர்கள், கம்பி வைத்த தெர்மாமீட்டரின் முனையைக் கொட்டாங்குச்சிக்குள் தரையில் வைத்துப் பாருங்கள். கார்ன் ஸ்னேக்குக்கு அங்கே 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 21 முதல் 24 இருந்தால் சரி. ஒரு வாரம் கையில் எடுக்காமல் விட்டுவிட்டு அப்புறம் எலி கொடுங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்து தின்னாமல் மெலிந்தால் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுக்கின கல் வேண்டாம் என்பேன், கார்ன் ஸ்னேக் அடியில் தோண்டிக்கொண்டு போகிற ஜாதி, ஒரு கல் சரிந்தாலும் நசுங்கிவிடும். மகள் விடமாட்டாள் என்றால் கற்களை அக்வேரியம் சிலிகானால் ஒன்றோடு ஒன்று ஒட்டி, புளிப்பு வாடை முழுக்கப் போகும்வரை வெளியே காயவைத்து, முதலில் குகையைத் தொட்டியின் வெறும் தரையில் அசையாமல் உட்காரவைத்துவிட்டு அதற்கப்புறம் சுற்றிலும் மரத்தூளைக் கொட்டுங்கள். ஹீட் மேட் இருக்கிற பக்கம் வைக்க வேண்டாம், கனமான கல் சூட்டைத் தேக்கிவிடும்.