மறு: காமிக்ஸ் 'மான்ஸ்டர்' – அரக்கனா, பூதமா, வேறு சொல்லா?

வணக்கம். காமிக்ஸில் வரும் 'மான்ஸ்டர்' என்ற வகைக்கு நம் சொற்கோவையில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டதால், நண்பர்கள் எழுதியதை மேற்கோளிட்டு வரிக்கு வரி பதில் எழுதுகிறேன்.

> 'அரக்கன்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

அரக்கன் என்றதுமே ஒரு குலமும் கெட்ட பெயரும் ஒட்டிக்கொள்கின்றன, ஐயா. மார்வெல் காமிக்ஸின் க்ரூட்டைப் பாருங்கள். 1960இல் 'டேல்ஸ் டு அஸ்டோனிஷ்' 13ஆம் இதழில் ஓர் ஊரையே பெயர்த்துத் தன் கோளுக்குக் கொண்டுபோக வந்த மரம் அது. பிற்காலத்தில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' என்ற நாயகர் குழுவில் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. அப்போதும் மரம், இப்போதும் மரம்; குணம்தான் வேறு. பேட்மேனின் எதிரி ஜோக்கர் இதற்கு நேர் எதிர். அவன் செய்யாத கொடுமை இல்லை, ஆனாலும் காமிக்ஸ் படிப்பவர்கள் அவனை மான்ஸ்டர் வரிசையில் சேர்ப்பதில்லை. ஆகவே நல்லது கெட்டதைச் சொல்லுக்குள் நுழைக்க வேண்டாம் என்பது என் கட்சி.

> வகைகளைப் பட்டியலிட்டால் போதும், வரையறை தேவையில்லை.

பட்டியல் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்! 1954இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, நடைப்பிணம், இரத்தக்காட்டேரி, பிணந்தின்னி, ஓநாய்மனிதன் என்று பெயர் சொல்லித் தடுத்தது. வேற்றுக்கோள் ராட்சதங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. க்ரூட், ஃபின் ஃபாங் ஃபூம் மாதிரி உருவங்கள் 1960ஐ ஒட்டி அந்த இடைவெளியில்தான் உலவின. 1971இல் நெறிமுறை தளர்ந்ததும் காட்டேரிக்கும் ஓநாய்மனிதனுக்கும் கதவு திறந்தது. அதே ஆண்டு மார்வெலில் மார்பியஸ் வந்துவிட்டான், காட்டேரியாக மாறிப்போன விஞ்ஞானி. நடைப்பிணத்துக்கு மட்டும் அனுமதி இல்லை. மார்வெல்காரர்கள் அதற்கு 'சுவெம்பி' என்று பெயர் சூட்டி உள்ளே அனுப்பினார்கள். பெயரை வைத்துத் தடுத்தால் பெயரை மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

> 'திரிமாந்தன்' – மனிதனாக இருந்து திரிந்தவன். எப்படி?

ராட்சதனாக மாறும் விஞ்ஞானி ஹல்க்குக்குப் பொருந்தும், மார்பியஸுக்கும் பொருந்தும். க்ரூட் எப்போது மனிதனாக இருந்தது? சதுப்புநிலத் தாவர உருவமான ஸ்வாம்ப் திங் இன்னும் சிக்கல். சதுப்பில் விழுந்து உருமாறிய விஞ்ஞானி அலெக் ஹாலண்ட் என்றுதான் முதலில் வாசகர்கள் நம்பினார்கள். அந்தக் காமிக்ஸின் 1984 பிப்ரவரி இதழில் கதாசிரியர் ஆலன் மூர் அதைக் கவிழ்த்தார்: ஹாலண்ட் செத்துப்போனார், இது அவர் நினைவுகளை உள்வாங்கித் தன்னை அவராக எண்ணிக்கொண்ட தாவரம். அந்த ஒரு கதையோடு திரிமாந்தன் காலி. ஆனால் ஸ்வாம்ப் திங் மான்ஸ்டர் இல்லை என்று அதற்குப் பிறகும் யாரும் சொல்லவில்லை.

சரி, என் முன்மொழிவு: வெருவுரு.

வெருவு என்றால் அஞ்சு. குறளில் 57ஆம் அதிகாரத்துக்கே 'வெருவந்த செய்யாமை' என்றுதான் பெயர், எனவே வேர் நமக்குப் புதிதில்லை. இரண்டு பாதியும் வேலை செய்கின்றன. பார்த்தவர் வெருவ வேண்டும். அந்த வெருட்சி உருவத்தால் வர வேண்டும். ஜோக்கரிடம் அப்படிப்பட்ட உரு இல்லை. சூப்பர்மேன் வேற்றுக்கோள்காரன்தான், ஆனால் தெருவில் நடந்தால் யாரும் ஓடமாட்டார்கள். பேட்மேன் அச்சுறுத்தவே உடை தைத்துக்கொண்டவன். வீட்டுக்குப் போனால் கழற்றிவிடலாம். 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' நாயகர் குழுவில் உடல் கல்லாகிப்போன பென் கிரிம்மால் கற்தோலைக் கழற்ற முடியாது. எவ்வளவு நல்லவனாக இருந்தும் அவன் வெருவுருதான், அவனுடைய துயரமே அதுதான்.

> 'பிறழுரு' இன்னும் எளிமையாக இருக்குமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மரபணுப் பிறழ்வு என்று உயிரியலில் ஏற்கெனவே புழங்குகிறது. மரபணுப் பிறழ்வால் சக்தி பெற்ற எக்ஸ்-மென் ஆட்களுக்கு அந்த வேர் தேவைப்படும். அவர்களில் பலர் பார்க்க நம்மைப்போலவே இருப்பவர்கள். இரண்டு வகையையும் ஒரே சொல்லில் அடைத்தால் அப்புறம் பிரிக்க முடியாது.

'மான்ஸ்டர் என்றே எழுதலாமே' என்று கேட்ட நண்பருக்கு: உரையாடல் குமிழுக்குள் தாராளமாக எழுதுங்கள். நாம் தேடுவது சொற்கோவைக்கு.

எனக்கு இன்னும் தீராத ஒன்று திணை. வெருவுரு அஃறிணைச் சொல், 'வெருவுரு வந்தது' என்றுதான் எழுத வரும். வகைப்பெயருக்கு அது, ஆள்பெயருக்கு அவன் என்று வைக்கலாமா? 'குழந்தை அழுதது, முருகன் அழுதான்' என்று எழுதுகிறோமே, அப்படி. ஹல்க், பென் கிரிம்முக்கு ஒத்துவருகிறது. க்ரூட்டுக்கு நானே மேலே 'அது' என்று எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பில் பழகியவர்கள் இதில் என்ன செய்கிறீர்கள் என்று சொன்னால் பதிவில் சேர்த்துவிடுகிறேன்.