ஆக்டிங் (பதில் டிரைவராக) போன வண்டியில் டயர் வெடித்தால் கூலியில் பிடிக்கலாமா?

ஆறாவது கியர்:
எல்லோருக்கும் வணக்கம். நானும் சொந்தமாக ஒரு டிரெய்லர் வைத்து ஓட்டுகிறவன்தான். போன மாதம் என் வண்டி இன்ஜின் வேலைக்கு இறங்கிக் கிடந்தது. அதே சமயம் கூட ஓட்டும் நண்பர் ஒருவர் கால் முறிந்து படுத்துவிட்டார். "என் வண்டி சும்மா நிக்குது, உனக்கும் வேலை இல்லை. ரெண்டு லோடு அடிச்சுக் கொடு, வாடகையில கால் பங்கு எடுத்துக்கோ" என்றார். எல்லாம் போனில் பேசியது. எழுத்தில் எதுவும் இல்லை.

ஆறு நாள் ஓட்டினேன். இரண்டு லோடும் சேதமில்லாமல் இறங்கின. நாலாம் நாள் ராத்திரி டிரெய்லரின் இடது பக்க ஜோடி டயரில் உள்பக்க டயர் வெடித்தது. கிழிந்த ரப்பர் அடித்து மட்கார்டு பிய்ந்தது, பின் விளக்கு போனது, ஏர் பைப் அறுந்து பிரேக் பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள் கழித்து, "கிளட்ச் ஸ்லிப் ஆகுது, நீ எடுக்கும்போது இப்படி இல்லை" என்று போன். இப்போது புது டயர், மட்கார்டு, விளக்கு, கிளட்ச் செட், வண்டி நின்ற மூன்று நாள் எல்லாவற்றையும் என் பங்கில் கழித்துவிட்டார். கழித்தது போக நான்தான் அவருக்குத் தர வேண்டுமாம். இது எந்த ஊர் நியாயம்?

சொந்த வண்டிக்காரன்:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். போகும்போது ஓடுகிற வண்டி, வரும்போது நிற்கிற வண்டி. நடுவில் ஸ்டீயரிங் யார் கையில் இருந்தது? இரவல் வாங்கிய குடம் நசுங்கினால் தட்டி நிமிர்த்திக் கொடுப்பதுதானே முறை.

இன்னொன்று. தினக்கூலிக்குப் போயிருந்தால் நானே உங்கள் பக்கம் பேசுவேன். வாடகையில் பங்கு கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். லாபத்தில் பங்கு வேண்டும், நட்டம் வந்தால் நான் வெறும் டிரைவர் என்றால் எப்படி? வண்டி நின்றால் தவணை நிற்குமா?

ராச்சவாரி:
அண்ணே, பங்காளி என்றே வைத்துக்கொள்வோம். கால் பங்கு லாபத்துக்கு முழு நட்டமா? உங்கள் கணக்குப்படியே பார்த்தாலும் நாலில் ஒரு பங்குதான் இவர் தலையில் வர வேண்டும். வாடகை வரும்போது கால், செலவு வரும்போது முழுசு என்றால் அது பங்காளிக் கணக்கு இல்லை, வட்டிக்கடைக் கணக்கு.

நான் இருபது வருஷமாக அடுத்தவன் வண்டியைத்தான் ஓட்டுகிறேன். ஓனர்கள் எல்லோருக்கும் ஒரே வியாதி. தங்களிடம் இருக்கும்வரை டயர் தேய்கிறது, நம் கைக்கு வந்ததும் டயர் "சேதமாகிறது".

சொந்த வண்டிக்காரன்:
வியாதி என்று பேசாதீர்கள். நானும் பதினோரு வருஷம் ஆக்டிங் ஓட்டித்தான் வண்டி வாங்கினேன்.

கிரீஸ் கை:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். டயர் செத்தது எதனால் என்று தெரியாமல் யார் தலையில் கட்டுவது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். முதல் பதிவு எழுதியவருக்குச் சில கேள்விகள்.

அது ஒரிஜினல் டயரா, ரீபட்டனா (தேய்ந்த டயரில் புது மேல்ரப்பர் ஒட்டியதா)? பட்டன், அதாவது தரையில் படும் மேல்ரப்பர் மட்டும் பட்டையாக உரிந்து, அடியில் கூடு (டயரின் உடம்பு) முழுசாக இருந்ததா, இல்லை பக்கச்சுவர் கிழிந்ததா? கழற்றிய டயருக்குள் கையை விட்டுப் பார்த்தீர்களா? கரித்தூள் மாதிரி ரப்பர் பொடி இருந்ததா? பக்கச்சுவரில் உற்பத்தித் தேதி எழுத்துகளின் கடைசி நாலு இலக்கம் என்ன? 2317 என்று இருந்தால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். ஜோடியில் வெளிப்பக்க டயர் இன்னும் ஓடுகிறதல்லவா, அதில் பட்டன் ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?

உரிந்தது பட்டன் மட்டும் என்றால் ரீபட்டன் ஒட்டு விட்டுப்போயிருக்கலாம். அது டிரைவர் கணக்கில் வராது. பக்கச்சுவர் ஜிப் கழன்ற மாதிரி வரிசையாகப் பிளந்து, உள்ளே பொடியும் இருந்தால் காற்றுக் குறைவாக ரொம்ப தூரம் ஓடியிருக்கிறது. காற்று இல்லாத டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், சூடேறும், உள்ளே இருக்கிற கம்பிகள் அலுத்துப்போய் அறுந்துவிடும். இருக்க வேண்டிய காற்றில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே அதைக் காற்றில்லாத டயராக எடுத்துக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். 110 பவுண்டு வேண்டிய இடத்தில் 88 இருந்தால் அது பஞ்சர்தான், பார்க்க உருண்டையாக இருந்தாலும். அதிலும் ஜோடி டயரில் உள் டயர் சப்பையாவது வெளியே தெரியவே தெரியாது. பாரத்தை வெளி டயர் தாங்கிக்கொண்டு சும்மா ஓடும்.

ஆறாவது கியர்:
மெக்கானிக் அண்ணே, படம் எடுத்து வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்கிறேன். ரீபட்டன் இல்லை, ஒரிஜினல். பக்கச்சுவர்தான் கிழிந்திருக்கிறது. உள்ளே பொடி இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். கை கறுப்பாகிவிட்டது. கடைசி நாலு இலக்கம் 3416. வெளி டயரில் ஏழு மில்லிமீட்டர்.

கிரீஸ் கை:
2016இல் செய்த கூடு. வயசான டயர்தான். அந்தப் பக்கம் ஓனரையும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் பொடி இருந்தது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். தினமும் தட்டிப் பார்த்தீர்களா?

ஆறாவது கியர்:
மூன்று நாள் காலையிலும் வீல் ஸ்பேனரால் தட்டினேன். நல்ல டயர் "டங்" என்று ஸ்பேனரைத் திருப்பி எறியும். எல்லாம் சரியாகவே இருந்தது. நாலாம் நாள் இறக்குகிற இடத்தில் விடிகாலை நாலு மணிக்கு வரிசையை நகர்த்தச் சொன்னார்கள். கொட்டுகிற மழை. வெளி டயரை மட்டும் காலால் உதைத்துவிட்டு ஏறிவிட்டேன். உள் டயருக்குக் குனியவில்லை. உள் டயர் வால்வில் நீட்டுக்குழாயும் கிடையாது, மூடியும் கிடையாது. காற்று பார்க்க வேண்டுமென்றால் கையை இரண்டு சக்கர டிஸ்க் நடுவே விட வேண்டும். அதை முதல் நாளே பார்த்தேன். சொல்லவில்லை.

சொந்த வண்டிக்காரன்:
இதைத்தானே நான் முதலிலிருந்து கேட்கிறேன்! குனியவில்லை என்று அவரே எழுதிவிட்டார். பிறகு என்ன விவாதம்?

ராச்சவாரி:
ஒரு காலை குனியாததற்கு எட்டு வருஷத்துக்கு மேல் ஆன டயருக்குப் பதில் புது டயரா? அந்த வால்வுக்கு மூடி வாங்கிப் போடாதவர் யார்?

கணக்குப்பிள்ளை:
லாரி ஆபீஸில் செட்டில்மென்ட் எழுதுகிறவன் நான். டயரைப் பற்றி எனக்குத் தெரியாது, காகிதத்தைப் பற்றித் தெரியும். இங்கே இரண்டு கணக்கை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள்.

லோடு இறங்கி ரசீது கையெழுத்தானதும் கால் பங்கு சம்பாதித்தாகிவிட்டது. அது ஒரு கணக்கு. டயர், மட்கார்டு இன்னொரு கணக்கு. அந்த இரண்டாவதில் யார் தவறு, எவ்வளவு என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாத தொகையை முடிவான தொகையில் கழித்தால் ஓனரே வாதி, ஓனரே நீதிபதி, ஓனரே வசூல்காரர் என்று ஆகிறது. கூலி விஷயத்தில் இதைத் தடுக்கத்தான் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1949இலேயே 95ஆம் எண் உடன்படிக்கையை எழுதியது. அதன் 8ஆவது பிரிவுப்படி நாட்டின் சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ நடுவர் தீர்ப்போ அனுமதித்த அளவுக்குத்தான் கூலியில் பிடிக்கலாம். முதலாளி நினைத்தபடி பிடிக்க முடியாது. எந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு அனுமதிக்கிறது என்பது வேறுபடும், அதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்த வண்டிக்காரன்:
சார், அது தொழிலாளிக்கு. இவர் தொழிலாளியா? சொந்தமாக வண்டி வைத்திருக்கிறவர். இவருக்கும் எனக்கும் ஒரே தொழில். ஒப்பந்தக்காரர் மாதிரி வேலையை எடுத்துச் செய்தார். ஒப்பந்தக்காரர் பொருளைக் கெடுத்தால் ஈடு கட்டத்தான் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
நல்ல கேள்வி. டீசல் யார் போட்டது? எந்த லோடு, எந்த வழி, எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று யார் சொன்னது? எல்லாம் வண்டிக்காரர் என்றால், கூப்பிடுகிற பெயர் எதுவாக இருந்தாலும் பல இடங்களில் அதைக் கூலி வேலையாகத்தான் பார்ப்பார்கள். இவரே லோடு பிடித்து, இவரே டீசல் அடித்து, வண்டிக்கு வாடகை கொடுத்திருந்தால் கதை வேறு.

ஆறாவது கியர்:
லோடு, டீசல் கார்டு, வழி மூன்றும் அவர்தான். கட்டிலில் படுத்துக்கொண்டே மணிக்கொருமுறை போன்.

புது லைசென்ஸ்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குமே, அதில் கேட்டால் என்ன?

கணக்குப்பிள்ளை:
தம்பி, வழக்கமான பாலிசியில் தேய்மானமும் தானாகப் பழுதாவதும் வராது. கிளட்ச் அதில் அடிபட்டுப்போகும். டயர் மட்டும் தனியாக வெடித்தால் பெரும்பாலும் கொடுக்க மாட்டார்கள். மட்கார்டுக்கும் விளக்குக்கும் கேட்கலாம், ஆனால் முதல் இவ்வளவு தொகை நம் கையிலிருந்து என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். சின்னச் செலவு அதற்குள்ளேயே முடிந்துவிடும். கேட்டால் அடுத்த வருஷத் தள்ளுபடியும் போகும். சாவி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்றுதான். அந்த வண்டியை நீங்கள் ஓட்ட பாலிசி இடம் கொடுக்கிறதா, உங்கள் லைசென்ஸ் அந்த வகை வண்டிக்குச் செல்லுமா என்பது. அது இல்லாமல் ஏறினால், ஆளை இடித்துவிட்டால், டயர் கணக்கெல்லாம் வேடிக்கையாகிவிடும்.

சொந்த வண்டிக்காரன்:
சரி, கூலியைத் தனியாகக் கொடுத்துவிட்டு நட்டத்தைத் தனியாகக் கேட்கட்டும் என்கிறீர்கள். கொடுத்த பிறகு டிரைவர் போனை எடுப்பாரா? இதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஓனர் கழிப்பது பேராசையால் இல்லை, பயத்தால். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. ஒருத்தர் யூரியாக் கரைசல் டேங்கில் டீசலை ஊற்றிவிட்டு, வண்டியை நிறுத்திச் சாவியை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனவர்தான். புகைச் சுத்திகரிப்பு முழுக்கப் போனது. அந்தச் செலவை யாரிடம் போய்க் கேட்பது?

ராச்சவாரி:
அது அவன் தப்பு. மூடியே நீலக் கலரில் இருக்கும், அதில் டீசலை ஊற்றினால் ஓட்டியவன்தான் கட்ட வேண்டும். ரிவர்ஸில் இறங்கிப் பார்க்காமல் தூணில் சாத்தினாலும் அப்படித்தான். நான் எப்போது இல்லை என்றேன்? ஓடினால் தேய்கிறதே, அதை ஓட்டியவன் தலையில் கட்டாதீர்கள் என்கிறேன்.

கிரீஸ் கை:
டயருக்கு நான் ஒரு கணக்கு சொல்கிறேன். நாங்கள் கடையில் பஞ்சாயத்து வந்தால் இப்படித்தான் போடுவோம். அந்த மாடல் புதிதில் பட்டன் ஆழம் 16 மில்லிமீட்டர் என்று வையுங்கள். மூன்றில் கழற்றிவிட வேண்டும். அப்படியானால் ஓடக்கூடியது 13. ஜோடி டயரில் ஏழு இருக்கிறது, மிச்சம் ஓடக்கூடியது நாலு. பதின்மூன்றில் நாலு பங்கு, அதாவது சுமார் 31 சதவீதம். முழுத் தவறும் டிரைவருடையது என்றாலும் அவர் கெடுத்தது புது டயரின் விலையில் 31 சதவீதம்தான். மீதியை ஓனர் ஏற்கனவே ஓடித் தீர்த்துவிட்டார். கூட்டின் வயசைப் பார்த்தால் அதுவும் அதிகம். வால்வு மூடி இல்லாதது ஓனர் பாடு, குனியாதது டிரைவர் பாடு. அந்த 31ஐ இரண்டு பேரும் எப்படியாவது பிரித்துக்கொள்ளுங்கள்.

கிளட்ச் விஷயம் தனி. ஆறு நாளில் கிளட்ச் பிளேட் தேயாது. எரியும். இரண்டும் வேறு. எரித்திருந்தால் பிளேட் உரசுகிற ஃபிளைவீல் சக்கரத்தில் நீலத் திட்டுகள், மயிரிழை வெடிப்புகள் இருக்கும், கருகின வாடை மூக்கில் ஏறும். தேய்ந்ததென்றால் பிளேட் சீராக ரிவெட் வரைக்கும் வந்திருக்கும், ஃபிளைவீல் வழவழவென்று இருக்கும். இன்னும் கழற்றவில்லை என்றால், கழற்றும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கழற்றிய பிளேட்டைக் குப்பையில் போட விடாதீர்கள்.

புது லைசென்ஸ்:
அடுத்தவர் வண்டியை எடுக்கும் முன் இதையெல்லாம் எழுதி வாங்க வேண்டுமா? நண்பரிடம் காகிதத்தை நீட்டினால் தப்பாக நினைக்க மாட்டாரா?

ராச்சவாரி:
காகிதம் வேண்டாம். சாவி வாங்கினதும் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ. ஒவ்வொரு டயரும், ஸ்டெப்னியும், கிலோமீட்டர் முள்ளும், டீசல் முள்ளும். அதை அவருக்கே அனுப்பி "வலது கண்ணாடி ஏற்கனவே விரிசல், உள் டயர் வால்வுக்கு மூடி இல்லை, கிளட்ச் கொஞ்சம் மேலே பிடிக்குது" என்று ஒரு வரி. கூடவே பங்கு மொத்த வாடகையிலா, டீசல் போகவா என்று ஒரு வரி. காத்திருக்கிற நாளுக்கு என்ன என்று ஒரு வரி. தப்பாக நினைக்கிறவர் வண்டியை எடுக்காதே. கணக்கு முடிக்கும்போது நினைப்பதைவிட முன்னாடியே நினைத்துவிட்டால் நல்லது.

சொந்த வண்டிக்காரன்:
இதில் எனக்கும் சம்மதம். வீடியோவை நான்தான் முதலில் எடுப்பேன்.

ஆறாவது கியர்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். நேரில் போனேன். முதலில் கூலியைத் தனியாகப் பேசலாம் என்றேன். முகம் சுருங்கினார். வால்வு மூடி விஷயத்தையும் நான் குனியாததையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு கால் பங்கை முழுசாகக் கொடுத்தார். மட்கார்டும் விளக்கும் நான் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். டயரில் 31இல் பாதி. நின்ற மூன்று நாள் வேண்டாம் என்று அவரே விட்டுவிட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து ஏதோ சொன்னார், அதனாலும் இருக்கலாம்.

கிளட்ச்சை நேற்றுக் கழற்றினார்கள். பக்கத்தில் நின்றேன். பிளேட் ரிவெட் வரைக்கும் சீராகத் தேய்ந்திருந்தது. ஆனால் ஃபிளைவீலில் ஒரு ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நீலம். என்னுடையதா, எனக்கு முந்தியதா என்று மெக்கானிக்கால் சொல்ல முடியவில்லை. படம் போடுகிறேன், கிரீஸ் கை அண்ணன் பார்த்துச் சொல்லட்டும்.

கிரீஸ் கை:
போடுங்கள். ஃபிளைவீலைத் துடைக்காமல் எடுத்த படமாக இருந்தால் நல்லது.