தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்த பிறகு: புதுப்பிப்பு

தம்பிக்கு இடது சிறுநீரகம் கொடுத்துவிட்டுக் மட்டக்களப்பு கல்லடியில் உள்ள வீட்டுக்கு வந்ததையும், காயம் ஆறியும் வயிறு ஊதிக்கொண்டே போவதையும் முன்பு எழுதியிருந்தேன். வாய்வு என்றுதான் பலரும் சொன்னீர்கள். இல்லை. ஸ்கேனில் வயிற்றுக்குள் நீர் தெரிந்தது. ஊசியால் எடுத்தபோது பால் மாதிரி வெள்ளையாக வந்தது. பயந்துவிட்டேன். இடது சிறுநீரகம் இருந்த பக்கத்தில், பெருந்தமனியை ஒட்டி, உணவுக் கொழுப்பைச் சுமக்கும் நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று கசிந்திருக்கிறது. அரிதுதான், பெரும்பாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே அடைபட்டுவிடும் என்றார் டொக்டர்.

கொழுப்பைக் குறைக்க வேண்டும், புரதம் குறையக் கூடாது. மட்டக்களப்பில் இருந்துகொண்டு எருமைத் தயிரும் தேங்காய்ப்பாலும் இல்லாமல் சாப்பிடுவது லேசில்லை. அம்மா பால் விடாமல் மீனைப் புளியாணமாக வைத்துத் தருகிறா. முட்டையில் வெள்ளைக்கரு மட்டும். வயிறு மெல்ல வற்றி வருகிறது.

வலிக்கு டைக்ளோபெனாக் போடச் சொன்ன அக்கா, அன்புக்கு நன்றி. ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அந்த வகை மாத்திரை ஆகாது. டொக்டர் சொன்ன அளவில் பரசிட்டமோல் மட்டும்தான் எடுக்கிறேன்.

தம்பிக்குக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய இரத்தக் கழிவு) நன்றாக இறங்கியிருக்கிறது. என் வயிற்றுக் கதை தெரிந்ததும் அழுதுவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்த ஸ்கேன் முடிந்ததும் எழுதுகிறேன்.