பாங்காக்கில் ஐந்து நாள், நாலு பேர்: காசு எங்கே கசிகிறது?

ஊர்சுற்றி_கோவை கேட்டது:

நவம்பர் கடைசியில் ஐந்து இரவு பாங்காக். நாலு பேர்: நாங்கள் இருவர், 65 தாண்டிய அப்பா அம்மா. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். ஏஜென்ட் சொல்லும் பேக்கேஜ் வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு. நான்கு விஷயம் தெளிவாகவேண்டும்.

எந்தப் பக்கம் அறை எடுப்பது? காவ் சான் பக்கம் மலிவாக இருக்கிறது, சுகும்வித் பக்கம் ஒன்றரை மடங்கு சொல்கிறார்கள். ரயிலுக்கு டே பாஸ் லாபமா? ரூபாயைக் கொண்டுபோய் மாற்றுவதா, டாலரா, ஏடிஎம்மா? அம்மாவுக்குச் சாப்பாடு எப்படி?

சோய்_நடையன்:

அறை வாடகையை முதலில் பார்க்காதீங்க. மேப்பில் ஹோட்டல் வாசலிலிருந்து ரயில் நிலையத்துக்கு எத்தனை மீட்டர் நடை என்று பாருங்க. 500 மீட்டருக்கு மேல் போனால் பெரியவர்களை வைத்துக்கொண்டு தினம் இரண்டு டாக்சி ஆகும். மிச்சம் பிடித்த வாடகை அதிலேயே போய்விடும்.

காவ் சான் பக்கம் ரயிலே கிடையாது. கிட்ட இருப்பது எம்ஆர்டி மெட்ரோவின் சாம் யோட் ஸ்டேஷன். அதுவும் வெயிலில் பெரியவர்கள் நடக்கிற தூரம் இல்லை. ராத்திரி சத்தம் வேறு.

சுகும்வித்தில் விலாசத்தைப் படிக்கத் தெரியணும். மெயின் ரோட்டிலிருந்து பிரியும் சந்துக்கு அங்கே சோய் என்று பெயர். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். ஆனால் இரண்டு பக்கமும் எண்கள் ஒன்றாக நகராது. சோய் 55க்கு எதிரே இருப்பது சோய் 38. "சோய் 38தானே, 39க்குப் பக்கத்தில் இருக்கும்" என்று நினைத்து அறை போட்டால் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போய் நிற்பீங்க. சில சோய்கள் உள்ளே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகும். ஹோட்டல் சோயின் வாயிலில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்பதில்தான் வாடகை வித்தியாசமே.

உங்களுக்கு நான் சொல்வது மூன்று இடம். அசோக்: பிடிஎஸ், எம்ஆர்டி இரண்டு ரயிலும் சந்திக்கும். பாயா தாய்: ஏர்போர்ட் ரயில் முடியும் இடம், பிடிஎஸ்சும் உண்டு. சுராசக், சபான் தக்சின் பக்கம்: படகுத்துறை பக்கத்தில், சிலோம் மாரியம்மன் கோயிலும் கிட்ட. பெரியவர்கள் இருப்பதால் நானாக இருந்தால் மூன்றாவதை எடுப்பேன். படகில் உட்கார்ந்தபடியே பழைய நகரம் போய்விடலாம்.

இப்போது பாஸ் கதை. மேலே தூணில் ஓடும் பிடிஎஸ் வேறு, பெரும்பாலும் பூமிக்கடியில் ஓடும் எம்ஆர்டி நீலப்பாதை வேறு. டிக்கெட்டும் வேறு. மாறும் இடத்தில் வெளியே வந்து மறுபடி முதல் ஸ்டேஷன் கட்டணத்திலிருந்து கொடுக்கணும். ஒரே சந்திப்புக்கு இரண்டு பெயர் வேறு: பிடிஎஸ்சில் அசோக், எம்ஆர்டியில் அதுவே சுகும்வித். அங்கே சாலா டேங், இங்கே சி லோம். அங்கே மோ சிட், இங்கே சதுசக் பார்க். பிடிஎஸ் ஒருநாள் பாஸ் 150 பாட் (அந்த ஊர் நாணயம்). அது எம்ஆர்டியில் செல்லாது, ஏர்போர்ட் ரயிலிலும் செல்லாது, 24 மணி நேரம் என்றும் கணக்கில்லை, அன்றைய ஓட்டம் முடிந்தால் அதுவும் முடிந்தது. ஒரே நாளில் ஐந்து முறை பிடிஎஸ் ஏறினால்தான் கட்டுபடியாகும். பெரியவர்களோடு அப்படி ஏறமாட்டீங்க. விடுங்க.

எம்ஆர்டியில் காண்டாக்ட்லெஸ் விசா, மாஸ்டர்கார்டை நேரே கதவில் தட்டலாம். ஆளுக்கு ஒரு கார்டு வேணும், ஒரே கார்டில் நாலு பேர் போக முடியாது. உள்ளே தட்டிய கார்டையே வெளியேயும் தட்டணும். போனில் ஒன்று, பர்ஸில் அதே கார்டு என்று மாற்றித் தட்டினால் அது வேறு கார்டாகத்தான் கணக்காகும், கதவு திறக்காது. ரூபே வேலை செய்யாது. கிளம்பும் முன் பேங்க் ஆப்பில் வெளிநாட்டு உபயோகம், காண்டாக்ட்லெஸ் இரண்டையும் தனித்தனியாக ஆன் செய்யுங்க. ஒன்றை மட்டும் ஆன் செய்துவிட்டு கேட்டில் நிற்பவர்கள்தான் அதிகம்.

கடைசிப்படகு:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் நாலு பேர் என்றால் ரயில்தான் மலிவு என்று எடுத்துக்கொள்ளாதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. மீட்டர் டாக்சி முதல் கிலோமீட்டர் 35 பாட், அதன்பின் பத்து கிலோமீட்டர்வரை கிலோமீட்டருக்கு 6.50, வண்டி நகராமல் நின்றால் நிமிடத்துக்கு 3. எட்டு கிலோமீட்டர் தூரம், இருபது நிமிடம் நெரிசல் என்றால் 35 + 45.50 + 60, ஆக 140 சொச்சம். அதே தூரத்துக்கு எம்ஆர்டியில் ஆளுக்கு 35, 40 ஆகும், நாலு பேருக்கு 140 முதல் 160. ஆக டாக்சியும் ரயிலும் சமம். காலை 7 முதல் 9 வரை, மாலை நாலரை முதல் ஏழரை வரை மட்டும் டாக்சி வேண்டாம். அந்த நிமிடத்துக்கு மூன்று பாட் அப்போதுதான் ஏறும்.

டாக்சி பிடிக்க ஒரே விதி: ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை நிறுத்துங்க. ஹோட்டல் வாசலிலும் அரண்மனை எதிரிலும் நின்றுகொண்டிருப்பவர் மீட்டர் போடமாட்டார். கண்ணாடியில் சிவப்பு எழுத்து எரிந்தால் வண்டி காலி என்று அர்த்தம். நம்மூர் பழக்கத்தில் சிவப்பைப் பார்த்து ஆள் இருக்கிறது என்று விட்டுவிடுவோம். மீட்டர் இல்லை என்றால் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், கதவைச் சாத்திவிட்டு அடுத்த வண்டி. டுக்டுக் டாக்சியைவிட மலிவு என்பது நம் ஆட்டோவை வைத்துப் போடும் கணக்கு. அங்கே பெரும்பாலும் டாக்சியைவிடக் கூடத்தான் கேட்பார்கள்.

எந்த ஏர்போர்ட் என்று டிக்கெட்டில் பார்த்தீங்களா? சுவர்ணபூமி என்றால், அடித்தளத்திலிருந்து ஏர்போர்ட் ரயில் பாயா தாய்வரை 45 பாட், அரை மணி நேரத்துக்குள். நாலு பேருக்கு 180, பிறகு பெட்டியோடு பிடிஎஸ் மாறணும். டாக்சி என்றால் முதல் தளத்தில் இயந்திரம் வரிசை எண் சீட்டு கொடுக்கும். மீட்டரோடு விமானநிலையக் கட்டணம் 50, எக்ஸ்பிரஸ்வே டோல் உங்கள் கையிலிருந்து. எல்லாம் சேர்த்து நகரத்துக்கு 350 முதல் 450 ஆகும். சீட்டைத் தொலைக்காதீங்க, தகராறு வந்தால் அதில்தான் வண்டி விவரம் இருக்கு. இன்னொன்று: பல டாக்சிகளின் டிக்கியில் கேஸ் சிலிண்டர் பாதி இடத்தைப் பிடித்திருக்கும். நாலு பேர், நாலு பெரிய பெட்டி சாதாரண காரில் ஏறாது. பெரிய வண்டிக்கான வரிசையில் நில்லுங்க.

டான் முவாங் என்றால் ஏ1 பஸ், 30 பாட், மோ சிட் பிடிஎஸ்வரை. அல்லது கருஞ்சிவப்புப் பாதை ரயிலில் நகரின் பெரிய ஸ்டேஷன்வரை போய் அங்கிருந்து எம்ஆர்டி. பெரியவர்களோடு என்றால் நேரே டாக்சிதான்.

படகு: சபான் தக்சின் பிடிஎஸ் அடியிலேயே சாத்தோன் துறை. அங்கே நீலக்கொடி சுற்றுலாப் படகுக்குக் கூவி அழைப்பார்கள், நாள் டிக்கெட் 150. உங்களுக்கு வேண்டியது ஆரஞ்சுக்கொடி, எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம், 16 பாட். அதற்குத் தனிக் கவுன்டர் உண்டு, "ஆரஞ்சு" என்றாலே காட்டுவார்கள். அரண்மனைக்குத் தா சாங் துறை. தா தியெனிலிருந்து எதிர்க்கரை வாட் அருண் கோயிலுக்குக் கடக்கும் படகு 5 பாட்தான்.

சென் செப் கால்வாய்ப் படகும் மலிவு, நெரிசலே தெரியாது, பலர் பரிந்துரைப்பார்கள். பெரியவர்களுக்கு வேண்டாம். நின்று சில நொடியில் கிளம்பிவிடும், படகின் விளிம்பில் கால்வைத்துக் கயிற்றைப் பிடித்து ஏறணும். தண்ணீரும் சாக்கடை நிறம். எதிர்ப்படகு வரும்போது ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் பிளாஸ்டிக் திரையை இழுக்கணும். நீங்கள் இருவர் மட்டும் தங்கமலைக் கோயிலுக்குப் போவதென்றால் பான் ஃபா துறைவரை போய்வாங்க. பிரதுனாமில் படகு மாறணும்.

மஞ்சள்கொடி:

சாப்பாட்டுக்கு வருகிறேன். "வெஜிடேரியன்" என்று சொன்னால் அங்கே இறைச்சித் துண்டு இல்லை என்றுதான் புரிந்துகொள்வார்கள். மீன் சாஸ் அவர்களுக்கு உப்பு மாதிரி. அம்மாவுக்கு நீங்கள் சொல்லவேண்டிய ஒரே சொல் "ஜே". "கின் ஜே" என்றால் ஜே சாப்பிடுவது. இறைச்சி, மீன், முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. சீனக் கோயில் மரபில் வந்த விரதச் சாப்பாடு அது. ஜே கடை வாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருக்கும், பார்க்க 17 மாதிரி தெரியும். பாக்கெட் உணவிலும் அதே குறிதான். "மங்சவிராட்" என்ற இன்னொரு சொல்லும் காதில் விழும். அதில் முட்டை வரும், உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

முட்டையும் கோழியும் நம் காதுக்கு ஒரே மாதிரி "கை" என்றுதான் கேட்கும், தொனியும் ஒன்றுதான், முட்டைக்கு முதல் எழுத்தில் மூச்சுக்காற்று சேரும், அவ்வளவுதான் வித்தியாசம். "கை வேண்டாம்" என்று சொல்லி எது வராமல் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் இது வேண்டாம் அது வேண்டாம் என்று பட்டியல் போடாமல் "ஜே" என்றே முடியுங்க.

எதை மாற்றித் தரமுடியும், எதை முடியாது என்பதுதான் முக்கியம். பச்சைக் கறி, சிவப்புக் கறி மசாலாவை அரைக்கும்போதே இறால் விழுது சேர்ந்துவிடும். கடைக்காரர் மனசு வைத்தாலும் எடுக்கமுடியாது. பாட் தாய் (வறுத்த நூடுல்ஸ்) சாஸும் பெரும்பாலும் முன்னாலேயே மீன் சாஸோடு கலந்து வைத்திருப்பார்கள். சோம் தம் பப்பாளி சாலட்டைக் கண் முன்னால் இடிப்பார்கள், காய்ந்த இறாலையும் மீன் சாஸையும் ("நாம் ப்ளா") விடச் சொல்லலாம். ஆனால் அதே உரலில்தான் முந்தைய ஆளுக்கு மீன் இடித்திருப்பார்கள். அம்மா அதைப் பொறுத்துக்கொள்வாரா என்பதை நீங்கள்தான் சொல்லணும். மாம்பழமும் தேங்காய்ப்பால் ஒட்டும்சோறும் பயமில்லாமல் சாப்பிடலாம்.

தினப்படிக்கு மால் ஃபுட் கோர்ட்தான் சுலபம். அசோக் டெர்மினல் 21 மாலில் இருக்கும் பியர் 21 ஃபுட் கோர்ட் விலைக்கு நல்ல இடம், சைவக் கடையும் உண்டு. வாசலில் பணம் கட்டிக் கார்டு வாங்கணும், கடையில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். மீதியை அன்றே கவுன்டரில் திருப்பி வாங்கிவிடுங்க. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிற பணம்தான் கசிகிற காசு.

தயிர் சாதம் தேடினால் பான் ரோடு மாரியம்மன் கோயில் சுற்றுவட்டாரத்தில் இந்திய உணவகங்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய கோயில். தாய்க்காரர்கள் "வாட் கேக்" என்பார்கள், டாக்சியில் அந்தப் பெயரைத்தான் சொல்லணும். மாரியம்மன் என்றால் புரியாது. உள்ளே போட்டோ எடுக்கக்கூடாது. வரும் கூட்டத்தில் பெரும்பாலும் தாய்க்காரர்கள்தான். பாஹுராட் பகுதியில் சீக்கிய குருத்வாரா இருக்கிறது, காலையில் லங்கர் சாப்பாடு சுத்த சைவம்.

குழாய்த் தண்ணீர் குடிக்காதீங்க. சோய் ஓரத்தில் தண்ணீர் இயந்திரம் இருக்கும், ஒரு லிட்டர் சுமார் ஒரு பாட். காலி பாட்டிலை எறியாமல் வைத்திருங்க.

நோட்டுக்கட்டு:

பணம். ஏடிஎம்மில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட்டுக்குக் குறையாமல் அந்த ஊர் வங்கி பிடிக்கும். உங்கள் பேங்க் பிடிப்பது தனி. 2,000 எடுத்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. எடுத்தால் ஒரே தடவையில் பெரிய தொகையாக எடுங்க, இல்லாவிட்டால் எடுக்கவே வேண்டாம். ஏடிஎம்மும் கடை மெஷினும் "ரூபாயில் கணக்கிடவா?" என்று கேட்கும். கணக்குத் தெளிவாகத் தெரிவதால் கை அங்கேதான் போகும். பாட்டையே அழுத்துங்க. ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதம்.

ரூபாயா டாலரா என்பதற்குப் பொதுப் பதில் கிடையாது, பெருக்கிப் பார்க்கணும். 10,000 ரூபாய்க்குக் கோவையில் கமிஷன் எல்லாம் போக எத்தனை டாலர், அதற்கு அங்கே எத்தனை பாட். அதே 10,000ஐ நேராக அங்கே மாற்றினால் எத்தனை பாட். பெரிய மாற்றுக்கடைகளின் அன்றைய விகிதம் அவர்கள் இணையதளத்திலேயே இருக்கும். நம்மூரில் டாலருக்கு அதிகம் வைத்து விற்றால் சில நாள் ரூபாயே ஜெயிக்கும். 25,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வெளியே கொண்டுபோகக்கூடாது. டாலர் என்றால் 100 நோட்டு, புதுசு, மடிப்பும் பேனாக் கிறுக்கலும் இல்லாதது. சின்ன நோட்டுகளுக்கு விகிதம் குறைவு, போர்டிலேயே தனி வரி போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட் அசல் கேட்பார்கள்.

சுவர்ணபூமியில் பெட்டி வரும் இடத்துக் கவுன்டரில் மாற்றாதீங்க. ஏர்போர்ட் ரயில் தளத்துக்கு இறங்கினால் அதே கட்டடத்தில் நல்ல விகிதம் தரும் கடைகள் வரிசையாக இருக்கும்.

சோய்_நடையன்:

விட்டுப்போனவை. வருகைப் பதிவை ஆன்லைனில், இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் போடணும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

அரண்மனை 500 பாட், மாலை மூன்றரைக்குமேல் டிக்கெட் தரமாட்டார்கள். தெருவில் யாராவது "இன்று மூடியிருக்கு, வேறு கோயில் காட்டுகிறேன்" என்றால் அவருடைய டுக்டுக் நகைக்கடையில்தான் நிற்கும். வாசல்வரை போய்ப் பாருங்க. அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை இரண்டுக்கும் அனுமதியில்லை. உள்ளே சுற்றுச்சுவரில் ராமகியென், அதாவது அவர்களுடைய ராமாயணம், 178 ஓவியமாக இருக்கிறது. உங்கள் அப்பா அம்மா அதிலேயே ஒரு மணி நேரம் நிற்பார்கள், நேரம் ஒதுக்குங்க. அந்த டிக்கெட்டிலேயே கோன் முகமூடி நாடகமும் அடக்கம், அரங்கம் வேறு இடத்தில். வெளியே வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடாதீங்க.

ஊர்சுற்றி_கோவை:

நன்றி. சுராசக் பக்கம் அறை பார்க்கிறேன். டான் முவாங்கில்தான் இறங்குகிறோம், அதனால் டாக்சி. ஆரஞ்சுக்கொடி எல்லா நாளும் ஓடுமா?

கடைசிப்படகு:

ஓடும், ஆனால் மாலையோடு நின்றுவிடும். கடைசிப் படகின் நேரத்தைக் காலையிலேயே துறைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்க. உங்கள் தேதியில் பௌர்ணமி வருகிறதா பாருங்க. அவர்களுடைய பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமிக்கு லோய் கிராத்தோங், ஆற்றில் விளக்கு விடும் நாள். சில வருடம் நம் கார்த்திகை தீபத்தோடு சேர்ந்தே வரும். அன்று மாலை துறைகளில் கால்வைக்க இடமிருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளாமல் ஐந்து மணிக்குள் உங்கள் கரைக்கு வந்துவிடுங்க. விளக்கை ஹோட்டல் பக்கத்துத் துறையிலேயே விடலாம்.