புதுப்பிப்பு: தம்பியின் வளர்ச்சி ஹார்மோன் ஊசி

என் சித்தி மகன் ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டு, தசை வளர்க்க வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான், எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கூட்டிப் போனோம்.

விரல்கள் மரத்துப்போவதும் கால் வீக்கமும் உடற்பயிற்சியால் அல்ல, ஊசியால்தான் என்றார். இந்த ஹார்மோன் உடலில் நீரைத் தேக்கும். அந்த வீக்கம் மணிக்கட்டு நரம்பை அழுத்தும். வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஏறியிருந்தது, ஏனென்றால் இது இன்சுலினை மந்தமாக்கும். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை நோய் உண்டு, அதனால் அதுதான் எனக்குப் பெரிய பயம்.

"எடை கூடியதே அண்ணா, அது தசைதானே?" என்று கேட்டான். ஆரோக்கியமான இளைஞர்களிடம் நடந்த ஆய்வுகளை 2008இல் தொகுத்துப் பார்த்தபோது, கொழுப்பற்ற எடை சுமார் 2 கிலோ கூடியது, பலம் கூடியதற்கு ஆதாரமில்லை. கூடியதில் பெரும்பங்கு நீராக இருக்கலாம். இதைச் சொன்ன பிறகுதான் அவன் முகம் மாறியது.

"உடம்பிலேயே சுரப்பதுதானே, என்ன கெடுதல்" என்று முந்தைய பதிவில் எழுதியவர்களுக்கு: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டியால் இதே ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் தாடையும் கைகால்களும் பெருக்கும், இதயமும் வீங்கும். ஊசியை நிறுத்தினாலும் பெருத்த எலும்பு சுருங்காது.

இப்போது நிறுத்திவிட்டான். வீக்கம் வடிந்துவிட்டது. மரத்துப்போவது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அடுத்த மாதம் மறுபடி சர்க்கரைப் பரிசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.