வயலுக்குப் புள்ளி போட்டால் மண் தேறுமா?

நிலவளம்: ஐ.நா.வின் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 2.4.1 என்று ஒரு குறிகாட்டி இருக்கிறது. நாட்டின் விவசாய நிலத்தில் எவ்வளவு பங்கில் விளைச்சலும் பேண்தகு முறையும் சேர்ந்து நடக்கிறது என்று பார்ப்பது அது. இலாபம், மண், நீர், பசளை, கிருமிநாசினி, கூலி, காணி உரிமை என்று 11 விடயங்களைப் பண்ணை பண்ணையாகக் கேட்டு எழுதுவார்கள். இலங்கையில் திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் விளையும் வயல்களுக்கும் கமநல சேவை நிலையங்கள் ஊடாக இதைச் செய்யலாம். நல்ல புள்ளி எடுத்தவருக்கு மானியத்தில் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். என்ன சொல்கிறீர்கள்?

வரம்புக்காரன்_தம்பலகாமம்: தம்பி, புள்ளி போட முதல் தண்ணி யார் கையில் இருக்கிறது என்று பார். போகத்துக்கு முன் கூட்டம் போட்டு விதைப்புத் திகதி முடிவாகும். அப்புறம் வாய்க்காலுக்கு முறை வரும், தண்ணி பங்கிடுகிற வட்டவிதானை திறந்து விடுவார். இதில் ‘நீர் பாவனை’ என்ற கட்டத்தில் எனக்கு என்ன புள்ளி?

நிலவளம்: வயலுக்குள் வந்த தண்ணி உங்கள் கையில்தானே அண்ணன். துளை போட்ட பிவிசி குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் போகும்வரை பொறுத்துப் பிறகு பாய்ச்சுங்கள். பூக்கும் நேரம் மட்டும் தண்ணி நிற்கட்டும். 30 வீதம் வரை நீர் மிச்சமாகும் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். மீத்தேனும் குறையும்.

வரம்புக்காரன்_தம்பலகாமம்: வாய்க்கால் தலைப்பில் வயல் உள்ளவனுக்கு அது சரி. என் வயல் கடைசியில். குழாயில் தண்ணி 15க்கு இறங்கும் நாளில் வாய்க்கால் காய்ந்து கிடந்தால் நான் யாரிடம் போவது? அதோடு வயல் காய்ந்தால் கோரையும் பன்றிநெல்லும் கிளம்பும். பன்றிநெல் பயிரைப் போலவே நிற்கும், மருந்தடித்துப் பிரிக்க முடியாது. தண்ணி கட்டித்தான் அமுக்குகிறோம். நீர்க் கட்டத்தில் எடுக்கிற புள்ளியைக் களைநாசினிக் கட்டத்தில் தொலைக்கச் சொல்கிறாய்.

வலைக்காரன்_கிண்ணியா: இரண்டு பேரும் வரம்புக்குள்ளேயே நிற்கிறீர்கள். வயலில் வடிகிற தண்ணி தம்பலகாமக் குடாவுக்குத்தான் வருகிறது, அங்கேதான் நாங்கள் வலை போடுகிறோம். அந்தப் 11இல் எங்கட இறாலுக்குக் கட்டம் இருக்கா?

நிலவளம்: நேரடியாக இல்லை நானா. பசளையும் மருந்தும் குறைந்தால் குடாவுக்கும் நல்லதுதானே.

பட்டிக்காரி: மாட்டையும் மறந்துவிட்டீர்கள். முன்பு வெட்டு முடிந்த வயலில் பட்டி அடைப்போம். மாடு ஒட்டுத்தாளைத் தின்னும், சாணம் வயலுக்கு. இப்போது மெசின் வெட்டுகிறது, வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள். சிறுபோகமும் விதைத்தால் மாடு காட்டோரம் போகிறது, அங்கே யானை. வைக்கோல் எரித்தவருக்கு ஒரு புள்ளி குறையலாம். மேய்ச்சல் தரை போனதற்கு யாருக்குக் குறைப்பது?

வரம்புக்காரன்_தம்பலகாமம்: இதைத்தான் நானும் சொல்கிறேன். குளம், வாய்க்கால், வயல், மேய்ச்சல், குடா எல்லாம் ஒரே தொடர். பழைய ஆட்கள் குளக்கட்டுக்கும் வயலுக்கும் நடுவில் பற்றைக்காடு விட்டார்கள், கசிகிற தண்ணியின் உப்பை அது பிடித்துக்கொள்ளும். அது எந்தப் பண்ணையின் கணக்கில் வரும்? 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் கட்டு உடைந்ததே, அன்றைக்கு நல்ல கமக்காரன் கெட்ட கமக்காரன் என்று வெள்ளம் பார்த்ததா?

நிலவளம்: மொத்தமாகப் பார்ப்போம் என்பது கேட்க நன்றாக இருக்கும். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுக்க ஒரே அடியாக நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள். எந்த மண்ணுக்கு என்ன தேவை என்று பார்க்காத முடிவு அது. வயல் வயலாகப் பதிவு இருந்திருந்தால் கமக்காரர் கையில் ஒரு ஆதாரமாவது இருந்திருக்கும். அதோடு வாய்க்காலுக்கே ஒரே புள்ளி என்றால், அளவில்லாமல் யூரியா வீசுகிறவரும் தப்பிவிடுவார்.

வரம்புக்காரன்_தம்பலகாமம்: அவர் யாரென்று வாய்க்கால் முழுக்கத் தெரியும் தம்பி. முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஆளில்லை. பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, மானியத்தை அதில் கட்டாதே என்கிறேன். கட்டினால் எல்லோரும் பொய்தான் எழுதுவார்கள், நானும் எழுதுவேன்.

வலைக்காரன்_கிண்ணியா: தண்ணி பொய் சொல்லாது. வடிச்சல் குடாவில் விழுகிற இடத்தில் போகத்துக்கு மூன்று தரம் தண்ணி எடுத்துச் சோதியுங்கள். படகு நான் தருகிறேன், எண்ணெய்க் காசு மட்டும் உங்கட.

நிலவளம்: அந்தச் சோதனை நல்ல யோசனை. ஆனால் மானியத்தை விடமாட்டேன். அது இல்லாவிட்டால் படிவத்தை யார் நிரப்புவார்?

வரம்புக்காரன்_தம்பலகாமம்: பெரும்போகக் கூட்டத்துக்குப் படிவத்தோடு வா. வடிச்சலுக்கும் மேய்ச்சலுக்கும் கட்டம் போட்டிருந்தால் முதல் ஆளாக நான் நிரப்புகிறேன். மானியத்தை அங்கே வைத்துச் சண்டை பிடிப்போம்.